வெயிலூரில் இரவு, குளிரூரில் இருட்டு

மே மாதம் சென்னையில் மின்சாரம் போன இரவில், கொடைக்கானலில் ஒரு சின்ன வீடு இருந்திருக்கலாமே என்று நினைக்காதவர்கள் குறைவு. பிப்ரவரியில் டொரன்டோவில் வாசல் பனியை அள்ளிக் கொட்டிவிட்டு நிமிரும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. ஊரை மாற்றிக்கொள்ளும் ஆசை இருவருக்கும் அந்த மாதத்தில்தான் வளர்கிறது. பல சமயம் முடிவும் அந்த மாதத்தை வைத்தே எடுக்கப்படுகிறது.

ஓய்வுபெற்ற பிறகு எங்கே குடியிருப்பது, கையில் இருக்கும் இரண்டு வெளிநாட்டு வேலைகளில் எதை ஏற்பது, கனடாவில் இருக்கும் மகள் கூப்பிடும்போது அம்மாவும் அப்பாவும் போய்த் தங்குவதா என்ற கேள்விகள் இன்று எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் பேசப்படுகின்றன. ‘எனக்கு வெயில் ஒத்துக்காது’, ‘எனக்குக் குளிர் ஆகாது’ என்ற இரண்டு வாக்கியங்களோடு அந்தப் பேச்சு முடிந்துபோவது வருத்தமாக இருக்கிறது. உடலியல், மருத்துவம், கட்டடக்கலை, உளவியல் என்று பல துறைகள் இதை ஆராய்ந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, வானிலைச் செய்தி சொல்லும் பகல் வெப்ப அளவை நம்பி ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் பிழை என்று எனக்குத் தெளிவாகிறது. வெயிலூரில் ஆளைச் சாய்ப்பது பகலைக் காட்டிலும் இரவு. குளிரூரில் வாட்டுவது குளிரைக் காட்டிலும் இருட்டு. இரண்டு ஊரிலும் உயிரைக் காப்பது வீடும் அக்கம்பக்கமும்.

பழைய கோட்பாடு ஒன்றை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். குளிர்நாட்டு மக்கள் துணிவும் சுறுசுறுப்பும் உள்ளவர்கள், வெப்பநாட்டு மக்கள் சோம்பல் மிகுந்தவர்கள் என்று பிரெஞ்சு அறிஞர் மோந்தெஸ்கியூ 1748இல் எழுதினார். 1915இல் அமெரிக்கப் புவியியலாளர் எல்ஸ்வொர்த் ஹன்டிங்டன் அதற்கு வரைபடங்கள் போட்டு அறிவியல் தோற்றம் கொடுத்தார். காலனி ஆட்சிக்கு மிகவும் வசதியாக இருந்த கருத்து இது. நிலநடுக்கோட்டை ஒட்டினாற்போல் இருந்துகொண்டு வளர்ந்த சிங்கப்பூர் ஒன்றே அதை மறுக்கப் போதும். நம்முடைய மரபு பருவங்களை இப்படித் தரம் பிரித்ததில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளைத் தொல்காப்பியம் நிலங்களோடு பொருத்தி வைக்கிறது, எது உயர்ந்தது என்று சொல்வதில்லை. மதுரையின் குளிர்காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில் ஆயர்கள் நெருப்பில் கை காய்கிறார்கள், சுருக்கித் தொங்கவிட்ட விசிறியில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. பருவத்துக்கு ஏற்ப வீடும் பழக்கமும் மாறுவதை அந்தப் புலவர் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்!

வியர்வை வேலை செய்யாத இடம்

உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். உடல் ஓயாமல் வெப்பத்தை உண்டாக்குகிறது, அதை ஓயாமல் வெளியேற்றியும் ஆக வேண்டும். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் மிஞ்சும் வழி வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் அது ஆவியாக வேண்டும். சட்டை நனைய வழிந்து சொட்டும் வியர்வையால் பயன் மிகக் குறைவு. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டத்தான் செய்யும். வேலூரின் உலர்ந்த 41 டிகிரியைவிடக் கடற்கரை ஊரின் 36 டிகிரி சில நாள்களில் கொடுமையாக இருப்பது இதனால்தான்.

வெப்பம், ஈரம் இரண்டையும் சேர்த்து அளக்க ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைப் பயன்படுத்துகிறார்கள். அந்த அளவு 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது என்று 2010இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். புழுக்கமான சூழலில் 31 டிகிரியை ஒட்டியே அவர்களின் உடல் வெப்பம் கட்டுக்கு அடங்காமல் ஏறத் தொடங்கியதாக 2022இல் வெளியான முடிவு சொன்னது. முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் எல்லை இன்னும் கீழே.

வெயிலுக்கு உடல் பழகும் என்பது உண்மை. ஒன்றிரண்டு வாரம் வெயிலில் வேலை செய்தால் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். குளிருக்கு மனித உடல் அந்த அளவுக்குப் பழகுவதில்லை. குளிர்நாட்டுக்காரரும் உடையாலும் நெருப்பாலும்தான் தப்பிக்கிறார். ஆனால் உடைக்கு மேல் உடை அணிந்து கொண்டே போகலாம். வெயிலுக்குக் கழற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு.

இரவைப் பற்றிப் போதுமான அளவு நாம் பேசுவதே இல்லை. நாள் முழுக்கச் சூடேறிய உடல் இரவில்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சென்னையில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கடைசி மாடியில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரவு பத்து மணிக்குக் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியின் தண்ணீர் சுடும். சுவரில் கை வைத்தால் உள்ளங்கை சூடாகும். மின்விசிறி மேல்தளத்தின் வெக்கையைத் தள்ளித் தலையில் இறக்கும். காங்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை விடியும்வரை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். நம் முன்னோர் இதற்குத் திண்ணையும் முற்றமும் ஓட்டுக் கூரையும் வைத்திருந்தார்கள், சென்னை வீடுகளில் மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்தார்கள். நாம் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஏசியிடம் ஒப்படைத்துவிட்டோம்.

குளிர் அதிகம் கொல்கிறது, ஆனால் எங்கே?

இந்தக் கேள்வியில் பலரும் எதிர்பார்க்காத புள்ளிவிவரம் ஒன்று உண்டு. 13 நாடுகளில் 384 இடங்களில் நிகழ்ந்த 7 கோடிக்கும் மேற்பட்ட மரணங்களை ஆராய்ந்து 2015இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மொத்த மரணங்களில் 7.29 சதவீதம் குளிரோடும் 0.42 சதவீதம் மட்டும் வெப்பத்தோடும் தொடர்புடையவை என்று அது கணித்தது. கடுங்குளிர் நாள்களைவிட மிதமான குளிர் நாள்களே அதிக உயிர்களைப் பறித்திருந்தன. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. உலர்ந்த குளிர்காற்றில் ஃப்ளூ வைரஸ் நீண்ட நேரம் உயிர்த்திருக்கிறது. மாரடைப்பும் நிமோனியாவுமாக வரும் சாவு என்பதால் குளிர் கொன்றதாக யாரும் எழுதி வைப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு வெயிலூரே பாதுகாப்பு என்று முடிவு கட்டுபவர்கள் அடுத்த ஆய்வையும் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் மரணங்கள் எவ்வளவு கூடுகின்றன என்று ஐரோப்பாவின் 14 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளியானது. மிக அதிகமாகக் கூடிய நாடு போர்ச்சுகல், 28 சதவீதம். ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் 21 சதவீதம். பனியில் புதைந்து கிடக்கும் பின்லாந்தில் 10 சதவீதம்தான். ஐரோப்பாவிலேயே இதமான குளிர்காலம் உள்ள நாடுகளில் குளிரால் அதிகம் பேர் இறக்கிறார்கள், உறைபனி நாட்டில் குறைவாக இறக்கிறார்கள்.

காரணத்தை 1997இலேயே இன்னொரு குழு வீடு வீடாகப் போய் விசாரித்திருந்தது. வெளியே 7 டிகிரி இருக்கும் நாளில் ஏதென்ஸ் வீடுகளின் கூடத்தில் சராசரி வெப்பம் 19.2 டிகிரி, தென் பின்லாந்தில் 21.7. அதே 7 டிகிரியில் வெளியே கிளம்பும்போது தலைக்குத் தொப்பி போட்டவர்கள் ஏதென்ஸில் 13 சதவீதம், தென் பின்லாந்தில் 72 சதவீதம். பின்லாந்துக்காரர் குளிருக்கு மரியாதை கொடுக்கிறார். அவர் வீட்டு ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி, சுவருக்குள் தடித்த காப்புப் பொருள், வாசலில் இரட்டைக் கதவு. ஹெல்சின்கியில் பெரும்பாலான வீடுகளுக்கு வெந்நீர் நகர அளவிலான குழாய் வழியாக வந்து அறைகளைச் சூடாக்குகிறது. லிஸ்பனில் இருப்பவருக்குக் குளிர் என்பது இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்க வேண்டியது. வீட்டை அதற்காக யாரும் கட்டுவதில்லை.

நம் மலையூர்களில் நடப்பதும் இதுதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வாடகைக்குக் கிடைக்கும் பல வீடுகள் சமவெளி வீட்டின் வரைபடத்தை அப்படியே மேலே தூக்கி வைத்தவை. மெல்லிய சுவர், ஒற்றைக் கண்ணாடி, சரியாக மூடாத ஜன்னல், தகரக் கூரை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. ஜனவரி இரவில் ஊட்டியில் எத்தனை வீடுகள் அந்த அளவைத் தொடும்? அதனால்தான் அடுப்புக்கரிச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சுற்றுலா வந்தவர்கள் அறையில் தூங்கியபடியே இறந்துபோன செய்தி நமக்குப் புதிதில்லை. யாரும் இதைச் செய்ய வேண்டாம், செய்பவரைப் பார்த்தால் தடுக்க வேண்டும்.

இருட்டின் கணக்கு

வட நாடுகளுக்குப் போகிறவர்கள் கம்பளிக் கோட்டைப் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள், பகலின் நீளத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. டிசம்பர் கடைசியில் சென்னைக்கு 11 மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. டொரன்டோவுக்கு ஏறத்தாழ 9 மணி நேரம். ஹெல்சின்கிக்கு 6 மணி நேரத்துக்கும் குறைவு. நார்வேயின் துரூம்சோ நகரில் நவம்பர் பின்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

குளிர்காலம் தோறும் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வை நோர்மன் ரோசன்தாலும் அவரது சகாக்களும் 1984இல் ஒரு நோயாக விவரித்தார்கள். அளவுக்கு மீறிய தூக்கம், இனிப்பின் மீதும் மாவுப் பண்டங்களின் மீதும் ஆசை, எதிலும் நாட்டமின்மை என்று அதன் அடையாளங்கள் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் அமர்வது நடைமுறையில் உள்ள சிகிச்சை. புதிதாகப் போன நம்மவர்கள் பலர் இதைத் தனிமை என்றோ ஊர் ஏக்கம் என்றோ நினைத்து உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

வைட்டமின் டி இன்னொரு கணக்கு. நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் வடக்கே போனால் குளிர்கால வெயில் சாய்வாக விழுவதால் தோலில் அந்தச் சத்து உருவாவதில்லை. கறுத்த தோலுக்கு எந்தக் காலத்திலும் அதிக நேர வெயில் தேவை. கனடாவில் பாலில் வைட்டமின் டி சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். ஆனால் வெயிலூரில் இருப்பதாலேயே இந்தச் சத்து வந்துவிடாது. காலையில் கார், பகலில் ஏசி அலுவலகம், மாலையில் கார் என்று வாழும் சென்னைவாசியின் ரத்தப் பரிசோதனையும் குறைபாட்டைத்தான் காட்டுகிறது.

இந்த இருட்டுக்குள் தமிழர் சிலர் வாழ்ந்த வரலாறு உண்டு. 1980களிலும் 90களிலும் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த பலர் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் பகுதியில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 70 டிகிரி வட அகலாங்கு. ஜனவரி மாதத்திலும் வேட்டியோடு திரியக்கூடிய ஊரிலிருந்து வந்தவர்கள் பனிக்கடல் ஓரத்தில் நின்று மீனின் முள் நீக்கினார்கள். படிப்பு, வேலை, உறவுகள் என்று பல காரணங்களால் பிறகு நிறையப் பேர் ஆஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் தமிழகச் சமவெளிகளிலிருந்து நுவரெலியாவின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களும் ஒரு கம்பளியோடு லயம் என்ற வரிசைக் குடியிருப்புக்குள் அந்தக் குளிரை எதிர்கொண்டவர்கள். பருவநிலையைத் ‘தேர்ந்தெடுப்பது’ என்று நாம் பேசும்போது தேர்வே இல்லாமல் போனவர்களை மறக்கக் கூடாது. வீடும் பணமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, ஒருவருக்கொருவர் இருந்ததால் தாங்கினார்கள்.

பாலைவனத்தில் ஒரு மாநகரம்

மக்கள் தாமாகத் தேர்ந்தெடுக்க முடிந்தபோது எந்தப் பக்கம் போனார்கள்? அமெரிக்காவில் தெளிவான விடை உண்டு. 20ஆம் நூற்றாண்டில் ஒரு நகரம் எவ்வளவு வளர்ந்தது என்பதை அதன் ஜனவரி மாத வெப்பநிலையே நன்றாகச் சொல்லிவிடுகிறது என்று பொருளாதார அறிஞர் எட்வர்ட் கிளேசர் காட்டினார். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 1950இல் ஏறத்தாழ 1,07,000 பேர் இருந்தார்கள், 2020இல் 16 லட்சம் பேர். 1960 ஜனவரி முதல் நாள் அதன் அருகே முதியவர்களுக்கென்றே சன் சிட்டி என்ற குடியிருப்பு திறக்கப்பட்டு வடக்கத்தி ஓய்வூதியர்கள் குவிந்தார்கள். வில்லிஸ் கேரியர் 1902இல் ஒரு அச்சகத்துக்காக வடிவமைத்த குளிர்சாதனக் கருவி இல்லாவிட்டால் இந்த இடப்பெயர்ச்சி இந்த அளவுக்கு நடந்திருக்காது.

அந்த நகரம் இன்று கொடுக்கும் விலை பெரிது. 2023இல் ஜூன் கடைசி முதல் ஜூலை கடைசி வரை தொடர்ந்து 31 நாள் அங்கே பகல் வெப்பம் 43.3 டிகிரிக்குக் குறையவில்லை. அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் அமைந்திருக்கும் மாவட்டத்தில் வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645. ஏறத்தாழ பாதிப் பேர் வீடற்றவர்கள். வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோரின் வீட்டில் ஏசி இருந்தது, ஓடவில்லை. 2018இல் 51 டாலர் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில் ஒரு மூதாட்டி இறந்த பிறகுதான், கோடையில் மின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்ற விதி அங்கே வந்தது. மறுபக்கம், 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் வீசி மின்சாரம் நின்றபோது, வெப்பத்தை மனதில் வைத்துக் கட்டிய வீடுகளில் குழாய்கள் வெடித்தன. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள்.

சிகாகோவில் 1995 ஜூலையில் சில நாள் வீசிய வெப்ப அலை 700க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க் அதை ஆராய்ந்து 2002இல் எழுதிய நூலில், ஒன்றையொன்று ஒட்டியிருந்த இரண்டு ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார். நார்த் லான்டேலிலும் லிட்டில் வில்லேஜிலும் வெயில் ஒன்றுதான். தனியாக வாழும் ஏழை முதியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தார்கள். முதலாவதில் நிறையப் பேர் இறந்தார்கள், இரண்டாவதில் மிகக் குறைவு. லிட்டில் வில்லேஜின் தெருவில் கடைகள் இருந்தன, நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் பயமின்றி வெளியே வந்து நிழலில் நிற்க முடிந்தது, ஒருவர் வரவில்லை என்றால் இன்னொருவர் கவனித்தார். நார்த் லான்டேலில் காலி மனைகளும் வெறிச்சோடிய தெருக்களும். பயந்து கதவைப் பூட்டிக்கொண்டவர்கள் உள்ளேயே இறந்தார்கள். வெயிலூர்–குளிரூர் பற்றிப் படித்தவற்றில் என்னை மிகவும் பாதித்தது இதுதான். ஓய்வுக் காலத்துக்கு மலையில் எட்டத்தில் தனி வீடு வாங்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஊர் மாறினால் மகிழ்ச்சி வருமா? டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகவே கேட்டது. கலிஃபோர்னியாவிலும், குளிர் கடுமையான மத்திய மேற்கு மாநிலங்களிலும் படிக்கும் மாணவர்களிடம் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று விசாரித்தார்கள். இரு தரப்பிலும் திருப்தி ஒரே அளவுதான். ஆனால் கலிஃபோர்னியாக்காரர்கள் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரு தரப்பினருமே நம்பினார்கள். ஊர் மாறுவதைப் பற்றி யோசிக்கும்போது வானிலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. போய்ச் சேர்ந்த பிறகு வேலை, உறவு, உடல்நலம், போக்குவரத்து ஆகியவையே நாளை நிரப்புகின்றன. உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் முதலிடத்தில் இருப்பது அந்த இருட்டுப் பின்லாந்து.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிரூரில் கணப்புக் கட்டணம், கோட்டு, காலணி, பனி டயர் என்று செலவு முன்கூட்டியே தெரியும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் போடுவது சட்டப்படி கட்டாயம். வெயிலூரில் செலவு மறைந்து வருகிறது: சரியாகத் தூங்காத இரவு, மதியம் ஓடாத மூளை. ஏசி இல்லாத பள்ளிகளில் வெப்பம் மிகுந்த ஆண்டில் மாணவர்களின் கற்றல் குறைவதை அமெரிக்க ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. கட்டடத் தொழிலாளிக்கு இது நேரடியாகக் கூலி இழப்பு. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தாமதமாக வந்தாலும் சரியான முடிவு.

மலையேறுபவர்களுக்கு

கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குப் போனார். மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பிக்க. 1870 முதல் சென்னை மாகாண அரசே கோடையில் ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறிலிருந்து ஏழு டிகிரி வரை குறையும் என்பதால் 2,240 மீட்டர் உயர ஊட்டிக்கும் சென்னைக்கும் அவ்வளவு வித்தியாசம். ஆனால் அவர்கள் கோடைக்கு மட்டும் போனவர்கள், ஆளும் அம்பும் வைத்துக்கொண்டு போனவர்கள்.

ஆண்டு முழுக்க இருப்பது வேறு. ஊட்டியின் கஷ்டமான காலம் ஜனவரி உறைபனி என்று நினைப்பார்கள். எனக்கென்னவோ ஜூலை மழைக்காலம்தான் அதைவிடக் கடினம் என்று தோன்றுகிறது. துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. சுவரில் பூஞ்சை ஏறும், பீரோவில் இருக்கும் பட்டுப்புடவை வரை அந்த வாடை போகும். மூட்டுவலியும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் அப்போது படும் பாட்டைக் கோடை விடுமுறைக்கு வந்து போகிறவர்கள் பார்ப்பதில்லை. சாலையெல்லாம் ஏற்றம், பெரிய மருத்துவமனைக்குக் கோவைக்கு இறங்க வேண்டும், மழையில் மலைப்பாதை அடைபடவும் செய்யும். இதய நோய் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அந்த இரண்டு மூன்று மணி நேரம் பெரிய இடைவெளி. அறுபதுக்குள், நல்ல உடம்போடு, தோட்ட வேலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு மலை மிகவும் நல்லது. நோயோடு இருப்பவர்களுக்குச் சமவெளியில் நல்ல மேற்கூரையும் அருகில் மருத்துவமனையும் உள்ள வீடே மேல் என்பது என் கருத்து. 900 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கும் பெங்களூரு போன்ற ஊர்களை இரண்டுக்கும் நடுவே வைக்கலாம், தண்ணீரும் போக்குவரத்தும் அங்கே தனிக் கவலை.

பூமி சூடாகி வருவது இந்தக் கணக்கையெல்லாம் மாற்றுகிறது. கனடாவின் லிட்டன் ஊரில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி பதிவானது, மறுநாள் காட்டுத்தீயில் ஊரே எரிந்துபோனது. அந்த வெப்ப அலையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மட்டும் 619 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குளிருக்காகக் கட்டிய வீடுகளுக்குள். பருவநிலை மாற்றத்திலிருந்து தப்பிக்க ஏற்ற இடம் என்று பேசப்பட்ட அமெரிக்க மலையூர் ஆஷ்வில்லை 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் புரட்டிப்போட்டது. அதே ஆண்டு ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தது. ஊட்டியில் அந்த ஏப்ரலில் 29 டிகிரி. அடுத்த மாதமே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ–பாஸ் இல்லாமல் வாகனத்தில் போக முடியாத நிலை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. குளிர்ந்த இடத்துக்கு ஓடிவிடலாம் என்ற எண்ணத்தை நம்பி முப்பது ஆண்டுத் திட்டம் போட முடியாது.

தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, அந்த ஊரின் மோசமான மாதத்தில் போய் இரண்டு வாரமாவது வாடகைக்கு இருங்கள். சென்னைக்கு மே, டொரன்டோவுக்குப் பிப்ரவரி, ஹெல்சின்கிக்கு நவம்பர், ஊட்டிக்கு ஜூலை. விடுதியில் தங்காமல் வீட்டில் தங்குங்கள். வெயிலூரில் வீடு பார்க்க இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். குளிரூரில் ஜன்னல் எத்தனை அடுக்கு, அறைகளை எது சூடாக்குகிறது, மின்சாரம் நின்றால் என்ன வழி என்று கேளுங்கள். கார் ஓட்டாமல் கடைக்கும் கோயிலுக்கும் நடந்து போக முடியுமா என்று பாருங்கள். பனிக்காலத்தில் நடக்க முடியாத ஊரில் முதியவர்கள் வீட்டுக்குள் அடைபடுகிறார்கள், அக்னி நட்சத்திரத்தில் நிழல் இல்லாத தெருவிலும் அதுவே நடக்கிறது.

பிள்ளைகள் கனடாவில் இருக்கும் பெற்றோருக்கு ஆண்டைப் பிரித்துக்கொள்ளும் வழி திறந்திருக்கிறது. கத்திரி வெயில் தொடங்கும் முன் கிளம்பி அங்கே வசந்தமும் கோடையும் இருந்துவிட்டு, ஐப்பசி மழையோடு ஊர் திரும்பி மார்கழியை இங்கே கழிக்கலாம். பெற்றோருக்கான சூப்பர் விசாவில் 2022 ஜூலை முதல் ஒரு முறை நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை தங்க அனுமதி உண்டு. குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அங்கேயே நிரந்தரமாகக் குடியேறி, குளிருக்கு மட்டும் ஊர் வர நினைப்பவர்கள் எதிர்த் திசையில் எண்ண வேண்டும்: ஒன்டாரியோ மாகாணத்தின் மருத்துவக் காப்பீடு தொடர, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது அந்த மாகாணத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.